எண்ணிக்கை கூடிவிட்டது, இனி மரபணு ஆய்வு எதற்கு?

கேள்வி சுருக்கமாக இது: ஒரு காட்டில் பல வருடமாகப் பாதுகாப்பு வேலை நடந்து, ஓர் அரிய விலங்கின் எண்ணிக்கை இரண்டு மடங்காகிவிட்டது. பார்வைக்கு எல்லாம் நன்றாகத்தான் இருக்கின்றன. அப்படியிருக்க, மரபணு ஆய்வுக்கென்று தனியாகப் பணமும் நேரமும் ஒதுக்க வேண்டுமா? டி.என்.ஏ.வைப் பார்த்து ஒரு காட்டு விலங்கு ஆரோக்கியமாக இருக்கிறதா என்று சொல்லிவிட முடியுமா?

இந்த வேலையிலேயே இருப்பவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒரு விலங்குக்கு இன்றைக்குக் காய்ச்சல் அடிக்கிறதா என்பதை அதன் மரபணு சொல்லாது. அதற்கு மருத்துவரும் ரத்தப் பரிசோதனையும் வேண்டும். ஆனால் அந்தக் கூட்டத்தில் பிறக்கும் குட்டிகள் ஏன் தங்குவதில்லை, புதிதாக ஒரு நோய் நுழைந்தால் தாக்குப்பிடிக்குமா, நுழைந்த கிருமி எந்தப் பக்கமிருந்து வந்தது, இந்த மூன்றுக்கும் விடை தேட மரபணு பெரிதும் உதவும். தலைகளை எண்ணுவதால் மட்டும் இவற்றில் ஒன்றுகூடத் தெரியாது.

முதலில் அந்த எண்ணிக்கையையே எடுத்துக்கொள்வோம். ஒரு மந்தையில் வளர்ந்த விலங்குகள் 100. அதில் பலசாலியான நான்கு ஆண்கள் மட்டுமே மற்ற 96 பெண்களோடும் சேர்கின்றன என்று வையுங்கள். அடுத்த தலைமுறையின் மரபணுவில் சரிபாதி அந்த நான்கு அப்பன்களிடமிருந்து மட்டும் வருகிறது. இதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. ஆண்களின் எண்ணிக்கையைப் பெண்களின் எண்ணிக்கையால் பெருக்கி, அதை இன்னொரு முறை நான்கால் பெருக்கி, மொத்தத்தால் வகுக்க வேண்டும். போட்டுப் பார்த்தால் சுமார் 15 வரும். கண்ணுக்கு 100, மரபுக்கு 15. இந்தப் பதினைந்தைத்தான் பயனுறு எண்ணிக்கை என்கிறோம். அது 50-க்குக் கீழே போனால் ரத்த உறவுக்குள்ளேயே சேர்ந்து பிறக்கும் குட்டிகளின் குறைகள் விரைவில் தலைகாட்டும் என்றும், மாறும் சூழலுக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் சக்தி ஓர் இனத்துக்கு நீண்ட காலம் இருக்க 500 வேண்டும் என்றும் 1980-இல் இயன் ஃபிராங்க்ளின் என்ற மரபியலாளர் சொன்னார். இந்த எண்களைப் பற்றி இன்றும் வாதம் ஓயவில்லை. ஆனாலும் 2022 டிசம்பரில் மான்ட்ரியலில் உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட பல்லுயிர் உடன்படிக்கையில், முன்னேற்றத்தை அளக்கும் குறியீடுகளில் ஒன்றாக அந்த 500 இடம்பிடித்துவிட்டது. ஆகவே உங்கள் விலங்கு இரண்டு மடங்காகிவிட்டது என்றால், நான் கேட்கும் முதல் கேள்வி: அவ்வளவும் எத்தனை தாய் தகப்பனின் வாரிசுகள்?

இதைக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் வாழும் பூமாக்கள் என்ற பெரிய காட்டுப்பூனைகள் நல்ல உதாரணம். 1990-களின் தொடக்கத்தில் அவை 20 முதல் 30 வரைதான் மிச்சமிருந்தன. பிடித்துப் பார்த்தவர்கள் முதலில் கவனித்தது வாலை. நுனிக்குக் கொஞ்சம் முன்னால் மடங்கி, கொக்கி போல இருந்தது. முதுகில் முடி சுழி விழுந்து நின்றது. இவை வெறும் அடையாளங்கள்தான், இவற்றால் எந்த விலங்கும் சாகாது. ஆனால் உள்ளே போகப் போக நிலைமை வேறாக இருந்தது. பல ஆண்களுக்கு விதை ஒன்றோ இரண்டோ கீழே இறங்கவே இல்லை. விந்தணுக்களில் பெரும்பாலானவை உருக்குலைந்திருந்தன. சில குட்டிகள் இதயச் சுவரில் ஓட்டையோடு பிறந்தன. சுற்றிலும் வேட்டையைத் தடுத்தாயிற்று, சாலைகளுக்கு அடியில் வழி விட்டாயிற்று, ஆனாலும் கூட்டம் எழுந்து நிற்கவில்லை. 1995-இல் டெக்சாஸிலிருந்து எட்டுப் பெண் பூமாக்களைக் கொண்டுவந்து விட்டார்கள். அவற்றில் ஐந்து குட்டி போட்டன. அந்தக் கலப்பில் பிறந்தவை நன்றாகப் பிழைத்தன, மடங்கிய வால் குறைந்தது, 2007 வாக்கில் எண்ணிக்கை மூன்று மடங்கானது. பாதுகாப்பு வேலையில் ஒரு முடிவு இவ்வளவு தெளிவாகப் பலன் தருவது அபூர்வம். இதை ஒவ்வொரு முறை படிக்கும்போதும் எனக்கு மனம் நிறைகிறது.

ஆனால் புது ரத்தம் ஒரு தடவை வந்தால் போதும் என்று எண்ணிவிடக் கூடாது. அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரியில் ஐல் ராயல் என்றொரு தீவு. 1940-களின் கடைசியில் ஏரி உறைந்தபோது ஓநாய்கள் பனிமேல் நடந்தே அங்கே போய்ச் சேர்ந்தன. 1980-இல் அவை 50. அடுத்த இரண்டு வருடத்தில், நாய்களுக்கு வரும் பார்வோ வைரஸ் உள்ளே புகுந்து 14-ஆகக் குறைத்துவிட்டது. அப்புறம் 1997-இல் ஓர் ஆண் ஓநாய் தானாகவே பனியைக் கடந்து வந்தது. அது வந்த கதையே பின்னாளில் எச்சத்திலிருந்து, அதாவது மலக்கழிவிலிருந்து, எடுத்த டி.என்.ஏ. மூலம்தான் தெரிந்தது. அதன் குட்டிகள் திடமாக இருந்தன, கூட்டம் தழைத்தது. ஆனால் சில தலைமுறைக்குள் தீவின் ஓநாய்கள் எல்லாமே அதன் வாரிசுகளாகிவிட்டன. மறுபடியும் அண்ணன் தங்கையோடும் அப்பன் மகளோடும் சேரும் நிலை. முதுகெலும்பு கோணலாகப் பிறக்கும் குட்டிகள் கூடின. கடைசியில் மிஞ்சியவை இரண்டே இரண்டு, அவையும் அப்பனும் மகளும். 2018, 2019-இல் 19 ஓநாய்களை வெளியிலிருந்து கொண்டுவந்து விட வேண்டியதாயிற்று. கதவைத் திறந்து வைப்பதென்றால் தொடர்ந்து திறந்து வைக்க வேண்டும்.

ஒரு விஷயம் இங்கே சொல்லியாக வேண்டும். ஒடிசாவின் சிமிலிபால் காட்டில் உடம்பு முழுக்கக் கறுப்புப் பட்டை விரிந்து, கிட்டத்தட்டக் கரும்புலியாகவே தெரியும் புலிகள் உண்டு. பார்க்க அற்புதமாக இருக்கும். 2021-இல் உயிரியலாளர் உமா ராமகிருஷ்ணனின் குழு அதற்குக் காரணம் டாக்பெப் என்ற ஒரே மரபணுவில் உள்ள மாற்றம் என்று கண்டுபிடித்தது. மற்ற காடுகளின் புலிகளில் தேடியும் கிடைக்காத அந்த மாற்றம் இங்கே இவ்வளவு பரவலாக இருக்கிறதென்றால், இந்தப் புலிகள் நீண்ட நாளாகத் தனித்து விடப்பட்டு, சில முன்னோர்களின் வழியிலேயே பெருகியிருக்கின்றன என்று பொருள். அந்தக் கறுப்பைப் படம் எடுத்துக் கொண்டாடுபவர்கள் அது சொல்லும் செய்தியையும் கேட்க வேண்டும்.

சரி, நோய்க்கு வருவோம். மரபுவளம், அதாவது ஒரு கூட்டத்துக்குள் இருக்கும் மரபணு வேறுபாடு, குறைவதற்கும் தொற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை நான் விளக்க எப்போதும் சிவிங்கிப்புலியில்தான் தொடங்குவேன். நம் உடம்பில் ஒரு மரபணுக் கூட்டம் இருக்கிறது, எம்.எச்.சி. என்பார்கள். எது தன் செல், எது அந்நியம் என்று காவல் செல்களுக்குக் காட்டிக்கொடுப்பது அதன் வேலை. ஆளுக்கு ஆள் அது வேறுபடும். அதனால்தான் அடுத்தவர் தோலை நம் மேல் ஒட்டினால் உடம்பு தள்ளிவிடுகிறது. 1980-களில் மரபியலாளர் ஸ்டீபன் ஓபிரையனும் அவரோடு வேலை செய்தவர்களும் ஒன்றுக்கொன்று உறவில்லாத சிவிங்கிப்புலிகளுக்கிடையே சிறு தோல் துண்டுகளை மாற்றி ஒட்டிப் பார்த்தார்கள். துண்டுகள் ஒட்டிக்கொண்டன. ஒன்றின் தோலை இன்னொன்றின் உடம்பு தன்னுடையதாகவே எடுத்துக்கொண்டது. கிட்டத்தட்ட அதே சமயம், அமெரிக்காவின் ஓரிகனில் ஒரு விலங்குப் பூங்காவில் பூனைகளுக்கு வரும் கொரோனா வைரஸ் ஒன்று சிவிங்கிப்புலிகளிடையே புகுந்து, மூன்று வருடத்துக்குள் பாதிக்கும் மேற்பட்டவற்றைக் கொன்றது. அதே பூங்காவின் சிங்கங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. எல்லா வீட்டுக்கும் ஒரே பூட்டு என்றால் திருடனுக்கு ஒரு சாவி போதும்.

ஆனால் எந்த நோய்க்கும் இதுவே காரணம் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா தீவில் வாழும் டாஸ்மேனியன் டெவில் என்ற சிறு ஊனுண்ணியின் கதை எங்களைப் போன்றவர்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்தது. 1996-இல் டாஸ்மேனியாவின் வடகிழக்கில் முகத்தில் பெரிய கட்டியோடு ஒரு டெவில் படம்பிடிக்கப்பட்டது. கட்டி பரவியது. வாயைச் சுற்றிப் புண்ணாகி, சாப்பிட முடியாமல், சில மாதங்களில் விலங்கு செத்துவிடும். பல இடங்களில் எண்ணிக்கை 80 விழுக்காடு வரை சரிந்தது. வைரஸா, நஞ்சா என்று தேடினார்கள். விடை நுண்ணோக்கியின் கீழ் கிடைத்தது. வெவ்வேறு டெவில்களின் கட்டிகளில் குரோமோசோம்கள் ஒரே மாதிரி சிதைந்து, ஒரே மாதிரி மாறி ஒட்டியிருந்தன. அதைவிட முக்கியமான ஒரு தடயம்: ஒரு டெவிலின் சொந்தச் செல்களில் குரோமோசோம் ஒன்றின் ஒரு பகுதி பிறவியிலேயே தலைகீழாகத் திரும்பியிருந்தது. அதே விலங்கின் முகத்திலிருந்த கட்டியில் அந்தத் திருப்பம் இல்லை. கட்டி அந்த விலங்கின் உடம்பில் பிறக்கவில்லை என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்? எப்போதோ செத்துப்போன ஒரு பெண் டெவிலின் புற்றுச் செல்கள்தான் கடிக்குக் கடி ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவி, தனி உயிர் போல வாழ்ந்துகொண்டிருந்தன. 2006-இல் இது வெளியானது.

உடனே எல்லாரும் சொன்னது: டெவில்கள் மரபில் ஒரே மாதிரி, சிவிங்கிப்புலி போல, அதனால் அந்நியச் செல்லை அடையாளம் காண முடியவில்லை. கேட்க ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனால் பிறகு டெவில்களுக்கிடையே தோல் மாற்றி ஒட்டிப் பார்த்தபோது உடம்பு அதைத் தள்ளியது. அந்நியத்தை அடையாளம் காணும் சக்தி அவற்றுக்கு இருந்தது. கட்டிதான் தன் மேற்பரப்பில் எம்.எச்.சி. அடையாளங்களைக் காட்டாமல் மறைத்துக்கொண்டிருந்தது என்று 2013-இல் தெரிந்தது. இந்த வேறுபாடு வெறும் பட்டிமன்ற விஷயம் அல்ல. மறைந்திருக்கும் அடையாளத்தை வெளியே கொண்டுவர முடியுமானால் தடுப்பூசிக்கு வழி இருக்கிறது. 2014-இல் தீவின் தென்கிழக்கில் இரண்டாவதாக வேறொரு தொற்றுக் கட்டி கிடைத்தது. அதன் செல்களில் ஒய் குரோமோசோம் இருந்ததால், அது ஓர் ஆண் டெவிலிடம் தொடங்கியது என்று புரிந்தது. இதற்கிடையில் நல்ல செய்தியும் வந்தது. நோய் வருவதற்கு முன்னும் பின்னும் சேகரித்து வைத்திருந்த மாதிரிகளை ஒப்பிட்டபோது, நான்கு முதல் ஆறு தலைமுறைக்குள்ளேயே டெவில்களின் மரபணுத்தொகுதியில் சில பகுதிகள் ஒரே திசையில் மாறியிருப்பதை 2016-இல் கண்டார்கள். உயிர் பிழைத்தவற்றின் மரபு பரவத் தொடங்கியிருந்தது.

விலங்கின் மரபணுவைப் போலவே கிருமியின் மரபணுவும் பேசும். எனக்கு இந்தப் பகுதிதான் மிகவும் பிடித்தது, ஏனென்றால் செய்ய வேண்டிய வேலையையே இது மாற்றிவிடுகிறது. 1994-இல் ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டி புல்வெளியில் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் சுமார் மூன்றில் ஒரு பங்கு சிங்கங்களைக் கொன்றது. வைரஸின் மரபணு வரிசை சுற்றுக் கிராமங்களின் நாய்களிடம் இருந்ததோடு நெருங்கிப் பொருந்தியது. ஆகவே நாய்களுக்குத் தடுப்பூசி போடுவது என்று முடிவானது. பிறகு அதே டிஸ்டெம்பர் ரஷ்யாவின் தூரக் கிழக்கில் அமூர் புலிகளுக்கு வந்தது. மூளையைத் தாக்கியதால், மனிதரைக் கண்டால் விலகிப் போகும் புலிகள் பயமே இல்லாமல் சாலையில் வந்து நின்றன. அங்கேயும் நாய்தான் காரணம் என்று எடுத்துக்கொள்வது சுலபம். ஆனால் வைரஸின் வரிசைகளை ஒப்பிட்டு 2020-இல் வெளியான ஆய்வு, காட்டின் மற்ற ஊனுண்ணிகளிடம் சுற்றும் வைரஸே முதன்மைக் காரணம் என்று காட்டியது. அப்படியானால் நாய்களுக்கு எவ்வளவு ஊசி போட்டாலும் புலி தப்பாது. காட்டிலுள்ள சிறு விலங்குகளுக்கெல்லாம் ஊசி போடவும் முடியாது. மிஞ்சும் ஒரே வழி, வேறு காரணத்துக்காகப் பிடிபடும் புலிகளுக்கே ஊசி போடுவது. ஆண்டுக்கு இரண்டு புலிக்குப் போட்டால்கூடச் சிறிய கூட்டம் அழியும் ஆபத்து கணிசமாகக் குறையும் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். ஒரே நோய், இரண்டு இடம், இரண்டு வேறு மருந்துத் திட்டம்.

தவளைகளைக் கொல்லும் கைட்ரிட் பூஞ்சையிலும் இப்படித்தான். 500-க்கும் மேற்பட்ட நீர்நில வாழ்வி இனங்களை அது சரித்திருக்கிறது. உலகெங்கும் எடுத்த பூஞ்சை மாதிரிகளின் மரபணுத்தொகுதியை ஒப்பிட்டு, அதன் வேர் கொரியத் தீபகற்பத்தின் பக்கம் இருப்பதை 2018-இல் காட்டினார்கள். உயிருள்ள தவளைகளை நாடுவிட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்த வேண்டும் என்ற வாதத்துக்கு இதைவிட வலுவான சான்று வேறில்லை.

இதற்கெல்லாம் விலங்கைப் பிடிக்க வேண்டுமா என்று கேட்பார்கள். பெரும்பாலும் வேண்டாம். உதிர்ந்த முடி, இறகு, முட்டை ஓடு, நீரில் கரைந்திருக்கும் டி.என்.ஏ. எல்லாம் உதவும். எங்கள் அன்றாட வேலை எச்சத்தோடுதான். எச்சத்தின் உள்ளே இருப்பது தின்ற இரையின் டி.என்.ஏ. தின்ற விலங்கினுடையது வெளிப்புறத்தில், குடலை உரசி வந்த அந்த மெல்லிய பளபளப்பில் இருக்கிறது. அது காய்ந்து வெளிறுவதற்கு முன்னால் பஞ்சுக்குச்சியால் மேலாக மட்டும் துடைத்து எடுக்க வேண்டும். ஆழமாகச் சுரண்டினால் கிடைப்பது மானின் டி.என்.ஏ. வெயிலும் மழையும் பட்டுவிட்டால் இழை துண்டு துண்டாகிவிடும். அப்புறம் டி.என்.ஏ.வைப் பல மடங்கு பிரதியெடுக்கும் பி.சி.ஆர். சோதனையை ஓட்டும்போது, தாயிடமிருந்து வந்த பிரதியும் தகப்பனிடமிருந்து வந்ததும் இரண்டும் தெரிய வேண்டிய இடத்தில் ஒன்று மட்டும் தெரியும். இதை நம்பிவிட்டால் இரண்டு தவறு நடக்கும். ஒரே விலங்கின் இரண்டு எச்சங்கள் இரண்டு விலங்காகக் கணக்கில் ஏறும். நலமான கூட்டம் உறவுக்குள்ளேயே சேர்ந்து பிறந்ததாகத் தோன்றும். நான் புதிதாகச் சேர்ந்த காலத்தில் இப்படி வந்த ஒரு முடிவைப் பார்த்து எல்லாரும் மகிழ்ந்தோம், திரும்ப ஓட்டியபோது பாதி விலங்குகள் காணாமல் போயின. அன்றிலிருந்து ஒவ்வொரு மாதிரியையும் மூன்று நான்கு தடவை ஓட்டாமல் எதையும் எழுதுவதில்லை. உங்களுக்கு யாராவது மரபணு அறிக்கை கொடுத்தால், எத்தனை முறை ஓட்டினீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள்.

மரபணு தெரியாமல் கலப்பதிலும் ஆபத்து உண்டு. அன்றைய செக்கோஸ்லோவாகியாவின் தாத்ரா மலையில் ஐபெக்ஸ் காட்டாடுகளோடு, வெப்பமான நாடுகளிலிருந்து நெருங்கிய இன ஆடுகளைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். கலப்பினங்கள் சீக்கிரமே இணைசேர்ந்து, பிப்ரவரியின் கடுங்குளிரில் குட்டி போட்டன. குட்டிகள் தங்கவில்லை, கூட்டமே அற்றுப்போனது. எவ்வளவு தூரத்து உறவு, எப்போது பிரிந்தது, வாழும் சூழல் எவ்வளவு வேறு என்று பார்த்த பிறகுதான் ஜோடி சேர்க்க வேண்டும்.

சில சமயம் மரபணு, பழி தன்மேல் இல்லை என்றும் சொல்லும். மெக்சிகோவின் கலிபோர்னியா வளைகுடாவில் வாழும் வாக்கீட்டா என்ற சிறு கடற்பன்றி பத்தைச் சுற்றியே மிச்சம். இவ்வளவு குறைந்த பிறகு உறவுக்குள் சேர்ந்தே அழிந்துவிடும், காப்பாற்றி என்ன பயன் என்று பலர் கைவிட்டுப் பேசினார்கள். 2022-இல் 20 வாக்கீட்டாக்களின் மரபணுத்தொகுதியைப் படித்தபோது, அவை பல்லாயிரம் வருடமாகவே சிறு கூட்டமாக வாழ்ந்து, கேடான மாற்றங்கள் பலவற்றைக் கழித்துவிட்டிருந்தது தெரிந்தது. செவுள்வலையில் சிக்கிச் சாவதை நிறுத்தினால் அவை மீண்டுவர வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. மரபு போய்விட்டது என்ற சாக்கு இனி எடுபடாது, வலையை எடுக்க வேண்டியதுதான்.

கடைசியாக உங்கள் செலவுக் கேள்வி. இப்போதே பெரிய ஆய்வு தொடங்க வசதியில்லை என்றால் பரவாயில்லை. ஆனால் மாதிரிகளைச் சேர்க்காமல் மட்டும் இருக்காதீர்கள். அமெரிக்காவின் கருங்கால் ஃபெரெட் என்ற, கீரி போன்ற சிறு விலங்கு அழிந்துவிட்டது என்று நினைத்திருந்தபோது, 1981-இல் வயோமிங்கில் ஒரு பண்ணை நாய் செத்த ஃபெரெட் ஒன்றைக் கவ்விக்கொண்டு வந்தது. அப்படிக் கிடைத்த கூட்டத்தையும் நோய் சூறையாட, கடைசியில் பிடித்துக் காத்தவை 18. இன்றுள்ள கிட்டத்தட்ட அத்தனையும் அவற்றில் ஏழின் வாரிசுகள். ஆனால் அந்த ஏழில் சேராத வில்லா என்ற பெண் ஃபெரெட் 1988-இல் இறந்தபோது, அதன் செல்களை யாரோ அக்கறையாக உறையவைத்திருந்தார்கள். அப்போது செல்லிலிருந்து நகல் விலங்கை உருவாக்கும் குளோனிங் எல்லாம் இந்த அளவுக்கு வரவில்லை. 2020 டிசம்பர் 10 அன்று அந்தச் செல்லிலிருந்து எலிசபெத் ஆன் பிறந்தது. அதற்குப் பின் வந்த இன்னொரு நகல் 2024-இல் குட்டியும் போட்டது. ஏழு எட்டாக வழி பிறந்தது.

ஆகவே உரிய அனுமதியை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். கழுத்துப்பட்டை மாட்டவோ சிகிச்சைக்கோ ஒரு விலங்கு மயக்கத்தில் கிடக்கும்போதும், செத்துக் கிடப்பதைக் காணும்போதும், காது நுனியில் பயறு அளவு ஒரு துண்டு எடுத்து, அதைப்போல் பல மடங்கு சுத்தமான எத்தில் ஆல்கஹாலில் போட்டு, குளிரில் வையுங்கள். நாள், இடம், ஆணா பெண்ணா என்பதை ஒரு சீட்டில் பென்சிலால் எழுதிக் குப்பிக்குள்ளேயே போடுங்கள். பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும்.